எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்

இது நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். சொந்தக்காரர்களில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரைப் பௌர்ணமி சமயத்தில் கூவாகம் திருவிழா வீடியோ ஒன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டவர்களில் வேட்டி சட்டை போட்ட ஒரு பையனை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து, கீழே ஒரு கேவலமான வரி. நான் மூன்று பேட்ச் குழுக்களில் இருக்கிறேன், மூன்றிலும் வந்தது. டீச்சர் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன், ஒரு குழுவில் மட்டும் முப்பதுக்கு மேல்.

அந்த முப்பதில் ஒருவனுக்கு நான் தனியாக போன் பண்ணினேன். "நீ எதுக்குடா சிரிச்ச?" என்றேன். "போடலன்னா சந்தேகப்படுவாங்க டீச்சர்" என்றான்.

அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவன் அனுமதியோடுதான். எழுதியதை முதலில் அவனுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்தில் அடித்தான், ஒரு இடத்தில் சேர்த்தான். வருஷம், வீட்டு விவரம், தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள். தேடினால் தப்பான ஆளிடம்தான் போய் நிற்பீர்கள்.

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த சமயம். நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டியிருந்தார்கள், அம்மா நகையை அடகு வைத்து. போவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை. அதில் 'அன்ஃபிட்' என்று ஒற்றை வார்த்தை. ஏன் என்று அங்கே யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஏஜென்ட் "ரத்தத்துல ஏதோ இருக்காம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். இவன் வேறொரு ஊரில் தனியார் லேப் ஒன்றில் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறான். அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகி எடுத்துவந்திருந்தான். விலங்கியல் டீச்சர் ஆயிற்றே, நமக்குப் புரியும் என்று.

புரிந்தது. எச்.ஐ.வி. பாசிட்டிவ்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். அதோடு விட்டேனா? "எந்தப் பொண்ணுகிட்ட போன?" என்றேன்.

பதில் சொல்லவில்லை. கொடுத்த மோரைக் குடித்தான், டம்ளரைத் திண்ணையில் வைத்தான், காகிதத்தைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டான். "வரேன் டீச்சர்" என்றான். எட்டு மாதம் வரவில்லை. இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன். பேரப்பிள்ளை, கண் புரை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று எனக்கு ஆயிரம் வேலை.

அந்த எட்டு மாதத்தில் அவன் பதினோரு கிலோ இளைத்திருக்கிறான். இருமல் நிற்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

நம் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலேயே நம்பிக்கை மையம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை இலவசம், ஆலோசகர் உண்டு, ரகசியம் காப்பார்கள். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்பவர் அவனுக்கு அத்தை முறை. எதிரே டீக்கடையில் அவன் வகுப்புத் தோழன். இரண்டு தெருவும் ஒரு பஸ் ஸ்டாண்டும் உள்ள ஊரில் 'யாருக்கும் தெரியாமல்' என்பதற்கு என்ன அர்த்தம்? அறியாமை என்று நாம் எழுதி வைப்பது பல சமயம் அறியாமையே இல்லை. ஊரை நன்றாக அறிந்து வைத்திருப்பதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனுக்கு நிஜமாகவே தெரியாமல் போனது, அதற்கு நான் காரணம். பின்னால் ஒருநாள் அவன் சொன்னது: "டீச்சர், பொம்பளைங்ககிட்ட போனாத்தான் இது வரும்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க குடுத்த நோட்ஸ்ல அப்படித்தான இருந்துச்சு."

எடுத்துப் பார்த்தேன். பழைய நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. இரண்டு மதிப்பெண் வினா: எய்ட்ஸ் பரவும் விதங்கள் யாவை? நான் எழுதிக் கொடுத்த விடை: தகாத உறவு, சுத்தம் செய்யப்படாத ஊசி, ரத்தம் ஏற்றுதல், தாயிடமிருந்து சேய்க்கு. 'தகாத உறவு.' பத்தொன்பது வருஷம் அதே வரியைத்தான் டிக்டேட் பண்ணினேன். பாதுகாப்பற்ற உடலுறவு என்று கரும்பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. இனப்பெருக்கப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போனதும் நான்தான். அவன் அந்த வினாவுக்கு இரண்டுக்கு இரண்டு வாங்கியிருப்பான். தகாதது என்றால் விலைமாது என்று வகுப்பில் எல்லோருக்கும் அர்த்தம். ஆணும் ஆணும் சேர்வது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இல்லாததால் அது ஆபத்து இல்லாதது என்று ஒரு பதினேழு வயதுப் பையன் முடிவு பண்ணிக்கொண்டான்.

2000-களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் 'புள்ளிராஜா' விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் பெரிய போர்டு. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஒரே கேள்வி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அது பட்டப்பெயர் ஆனது. நல்ல விளம்பரம்தான், வாயே திறக்காத விஷயத்தைப் பேச வைத்தது. ஆனால் நாங்கள் புரிந்துகொண்ட புள்ளிராஜா பொம்பளைகளிடம் போகிறவர். இவனைப் போன்றவன் அந்தப் போர்டில் தன்னைப் பார்த்திருக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் வரும். வருகைப் பதிவேட்டில் 9-ஆம் எண்ணைக் கூப்பிட்டால் ஒரு சிரிப்பு ஓடும். 9-ஆம் எண் வேறொரு பையன். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது இவனை. நடை கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு "சத்தம் போடாதீங்க" என்று சொல்லி 10-ஆம் எண்ணைக் கூப்பிட்டேன். சத்தம்தான் எனக்குப் பிரச்சினை. ஒரு வருஷம் முழுக்க, தினமும் காலையில்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "டீச்சர், முண்டியம்பாக்கத்துல இருக்கேன். கூட யாராவது ஒருத்தர் வரணும்னு சொல்றாங்க. யாரக் கூப்பிடறதுன்னு தெரியல."

புடவை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஹைவேயில் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்கி, ஏ.ஆர்.டி. மையம் எங்கே என்று கேட்க வாய் வராமல் பத்து நிமிஷம் சுற்றினேன். அறுபத்து மூன்று வயதுப் பொம்பளை, யாரும் என்னைத் தப்பாக நினைக்கப் போவதில்லை. எனக்கே இப்படி என்றால், இருபத்தைந்து வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

பெஞ்சில் இருந்தான். பக்கத்தில் இன்னொருவர், நாற்பது வயது இருக்கும், தோளில் பை. நர்ஸ் என்னைப் பார்த்து "பையனாம்மா?" என்றார். "ஆமா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பை மாட்டியவர் களப்பணியாளர். அவரும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். அவர்தான் இவனைக் கொண்டுவந்து சேர்த்தவர். காத்திருந்த மூன்று மணி நேரமும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான் பி.எட்.டில் படித்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன் என்றால் மிகையில்லை.

"முன்னாடில்லாம் பார்க், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன்னு தேடிப் போவோம் டீச்சர். இப்ப பசங்க எல்லாம் போனுக்குள்ள இருக்காங்க" என்றார். ஆண்கள் ஆண்களைச் சந்திக்க ஆப் இருக்கிறதாம். அதில் இவரும் கணக்கு வைத்து, தான் யார், என்ன வேலை என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பாராம். எடுத்த எடுப்பில் டெஸ்ட் என்று சொன்னால் பிளாக் பண்ணிவிடுவார்களாம். "மூணு வாரம் இந்தப் பையன்கிட்ட நான் ரத்தம்ங்கற வார்த்தையே எடுக்கல. சாப்பிட்டியா, தூங்கினியா, இதான். அப்புறம் அவனே காகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பிச்சான்." கூட்டிப்போவதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். திண்டிவனத்துப் பையனை விழுப்புரத்துக்கு, விழுப்புரத்துப் பையனைப் புதுச்சேரிக்கு அல்லது கடலூருக்கு. சொந்த ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

அப்போது நான் கேட்டேன்: "கூவாகத்துல வருஷா வருஷம் கேம்ப் போடறாங்களே?" அவர் சிரித்தார். "அது தைரியம் வந்தவங்களுக்கு டீச்சர். புடவை கட்டிட்டு வர்றவங்க, வருஷம் பூரா எங்ககிட்ட தொடர்புல இருக்கறவங்க. சட்டை பேண்ட் போட்டுட்டு காலேஜ் போயிட்டு, அம்மா கையால சாப்பிட்டுட்டு, நைட்டு போர்வைக்குள்ள போன் பாக்கறவன் அங்க வரமாட்டான்." கூவாகத்தில் ரத்தப் பரிசோதனையும் ஆணுறையும் தருவது நல்ல காரியம், அதனால் காப்பாற்றப்பட்டவர்கள் உண்டு. ஆனால் வெளியே தெரிகிறவர்களிடம் மட்டும் போய்விட்டு, எல்லோரையும் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டால் என்னுடைய இரண்டு மதிப்பெண் விடை மாதிரிதான்.

அவரிடம் நான் வெட்கப்பட்டுக் கேட்ட கேள்வி ஒன்று. "எப்படி வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையா?" அவர் சொன்னார்: "அத கேட்டு என்ன டீச்சர் பண்ணப் போறோம்? எப்படி வந்தாலும் மாத்திரை ஒண்ணுதான்."

மாத்திரை பற்றிச் சொல்கிறேன். எய்ட்ஸ் என்றாலே சாவு என்று நினைக்கும் உறவுக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் ஆய்வு செய்த மாணவி நிர்மலா. நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அப்போது மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள், தாம்பரம் அதில் ஒன்று. அப்போதும் கிருமி எதிர்ப்புச் செல்கள் நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து. 2017 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை, கண்டுபிடித்த உடனே தொடங்கலாம். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை.

இவனுக்கு அந்த எட்டு மாதம் வீணானதில் காசநோய் வந்துவிட்டது. சிடி4 எண்ணிக்கை 140-க்கு இறங்கியிருந்தது. முதலில் காசநோய் மருந்து, இரண்டு வாரம் கழித்து இது. காசநோய் மருந்து எச்.ஐ.வி. மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் கூடுதலாக ஒரு மாத்திரை வேறு. ஆறு மாதம் கஷ்டப்பட்டான். வாந்தி எடுத்துக்கொண்டே சாப்பிட்டான். அவன் அன்று என் வீட்டிலிருந்து நேராகப் போயிருந்தால் இந்த ஆறு மாதம் இருந்திருக்காது. இதை அவன் எழுதச் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன்.

அப்புறம் ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்தார்கள். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குக் கிருமி போகாது. இதை நிரூபித்த பெரிய ஆய்வுகளில் ஒன்று சென்னையிலும் நடந்தது. 2019-ல் ஐரோப்பாவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஆண்-ஆண் ஜோடிகள் மட்டும் ஏறக்குறைய 780 ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. கிருமி இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் இருக்கிறது. பயமான சம்பவம் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மருந்தும் இருக்கிறது. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய வயதில் எனக்கும் தெரியாது.

நம் நாட்டில் பொதுவாக வயது வந்தவர்களில் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு இந்தத் தொற்று. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களில் நூற்றில் ஏறக்குறைய மூன்று. 'அவர்கள் ஒழுக்கம் அப்படி' என்று யாராவது கமென்ட் போடுவதற்கு முன்னால் ஒன்று. என் அண்ணன் மருமகள் அட்லாண்டாவில் நர்ஸ். அங்கே கறுப்பின இளைஞர்களில் ஆண்களை நேசிப்பவர்களிடம் இது மிக அதிகம். இப்படியே போனால் அவர்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் தொற்று வரும் என்று 2016-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. நானும் நடத்தைதான் காரணம் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "இல்ல அத்தை. வெள்ளைக்காரப் பசங்கள விட இவங்க ஒண்ணும் அதிகமா ஆபத்தா நடந்துக்கறதில்லன்னு ஆராய்ச்சியே இருக்கு. டாக்டர்கிட்ட லேட்டா வர்றாங்க, இன்ஷூரன்ஸ் இல்ல, வீட்ல, சர்ச்ல சொல்ல முடியல." சர்ச் என்ற இடத்தில் நம் குலதெய்வக் கோயிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. அவன் அம்மா என்னிடம் வந்தார். "டீச்சர், நீங்க சொன்னா கேப்பான். மயிலத்துப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. ஒரு கல்யாணம் ஆயிட்டா சரியாயிடும்." எது சரியாகும் என்று அவருக்கும் தெரியாது, அல்லது தெரியும். என்ன சொல்வது? அவன் நோயை நான் சொல்ல முடியாது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி அவன் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது, சட்டம் இல்லாவிட்டாலும் தப்பு. அவன் மனசையும் நான் சொல்ல முடியாது. "வேலை நிலைக்கட்டும்மா, ரெண்டு வருஷம் போகட்டும்" என்றேன். பொய் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்களே பொண்ணு பாருங்க டீச்சர்" என்று அழுதார். அந்த அம்மாவுக்கும் துரோகம் பண்ணுகிறேனோ என்று இன்று வரை இருக்கிறது. அவனிடம் சொன்னேன்: "நீ எப்ப சொல்றியோ சொல்லு. ஆனா ஒரு பொண்ண ஏமாத்திக் கட்டிக்காத." "மாட்டேன் டீச்சர்" என்றான்.

அவனுக்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் வசவு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்தன என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அரசு மரியாதையான தமிழ்ச் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்ற சொல்லை இப்போது நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். நீதிபதியே கற்றுக்கொள்ளும்போது ரிட்டயர்டு டீச்சருக்கு என்ன கௌரவம் குறைந்துவிடும்? 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிக்குப் பிறகு இது குற்றமும் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணியவனே, நீ நல்ல பையன்தான். உன் தங்கை கல்யாணத்துக்கு இவன்தான் இரண்டு நாள் பந்தி பரிமாறினான். அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அடுத்த மாதம் அவனுக்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை. "நானே போயிக்கறேன் டீச்சர், வெயில்ல நீங்க எதுக்கு" என்கிறான். நான் போவேன். விக்கிரவாண்டியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் 1097-க்கு போன் பண்ணுங்கள், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். கூட வர ஆள் இல்லையென்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், எந்த பேட்ச் என்று சொல்ல வேண்டாம், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னால் போதும். எப்படி வந்துச்சுன்னு கேட்க மாட்டேன். இடது கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறது, பதில் கொஞ்சம் தாமதமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.